பீன்ஸை ஜாடியில் பதப்படுத்த எந்தக் கேனர்?

கேள்வி: அமெரிக்காவில் டென்வரில் வசிக்கிறோம். கொல்லையில் பீன்ஸ் ஏராளமாகக் காய்க்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த 5 லிட்டர் குக்கரிலேயே ஜாடிகளை வைத்துப் பதப்படுத்தலாமா? அல்லது ஜாடிகளை ஆவியழுத்தத்தில் பதப்படுத்துவதற்கென்றே உள்ள பெரிய பாத்திரமான பிரஷர் கேனர்தான் வாங்க வேண்டுமா? வாங்குவதானால் எதை வாங்குவது? சாம்பாரையும் அப்படியே அடைத்துவைக்க முடியுமா?
– வாசகி, டென்வர்

பதில்: குக்கர் வேண்டாம், கேனரே வாங்குங்கள். பீன்ஸ் புளிப்பில்லாத காய். காற்றுப்புகாத ஜாடிக்குள் அத்தகைய உணவில் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. அவற்றை அழிக்கச் சுமார் 116 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,280 அடி உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரிலோ தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கரும் அழுத்தத்தைத் தருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், சிறிய பாத்திரம் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடுவதால், பெரிய கேனரைக் கொண்டு சோதித்து வகுத்த நேரக்கணக்கு அதற்குப் பொருந்தாது. குவார்ட் (ஏறத்தாழ ஒரு லிட்டர்) அளவு ஜாடிகள் நான்கையாவது நிற்கவைக்க முடியாத பாத்திரத்தைப் பதப்படுத்தப் பயன்படுத்தக் கூடாது என்பதே அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அழுத்தத்தைக் காட்டும் முறையை. முள் காட்டும் டயல் கேஜ் நாளடைவில் பிசகக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். உங்கள் உயரத்தில் அது 13 பவுண்டு காட்ட வேண்டும். வெயிட் வகைக்கு அந்தச் சோதனை தேவையில்லை. 1,000 அடிக்கு மேல் 15 பவுண்டு வெயிட்டைப் போட்டால் போதும். அது ஆடும் ஓசையைக் கேட்டே அடுப்பைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், வெயிட் வகையையே நான் பரிந்துரைப்பேன். ஆல் அமெரிக்கன் என்னும் பிராண்டின் கேனரில் ரப்பர் கேஸ்கட் கிடையாது, பல்லாண்டு உழைக்கும். ஆனால் கனமும் விலையும் அதிகம். கண்ணாடி மேற்பரப்பு அடுப்புக்கும் ஏற்றதன்று. பிரெஸ்டோவின் 23 குவார்ட் கேனர் விலை குறைவு, ஏழு குவார்ட் ஜாடிகளைக் கொள்ளும்; அது டயல் கேஜுடன் வருவதால், அதற்கான மூன்று துண்டு வெயிட்டைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ்கட்டில் வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

எதை வாங்கினாலும், ஆவி குழாய் வழியே விடாமல் சீறத் தொடங்கிய பிறகு முழுமையாக 10 நிமிடம் விட்டு, அதன் பின்னரே வெயிட்டைப் போடுங்கள். உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தம் சரியாக இருந்தும் வெப்பம் குறைவாகவே இருக்கும். ஜாடியில் மேலே ஓர் அங்குலம் இடம் விட்டு நிரப்பிய பீன்ஸுக்கு, அழுத்தம் நிலைத்த நேரத்திலிருந்து, பைன்ட் (அரை குவார்ட்) ஜாடியானால் 20 நிமிடமும் குவார்ட் ஜாடியானால் 25 நிமிடமும் வேண்டும். பிறகு கேனர் தானாகவே ஆறட்டும். நம் குக்கருக்குச் செய்வதுபோல் குழாய்நீரைக் காட்டினால் ஜாடிக்குள் இருக்கும் நீர் பொங்கி வெளியேறும், மூடியும் சரியாகப் பிடிக்காது.

சாம்பாரை அடைக்க வேண்டாம். பருப்புக் குழைந்த கெட்டியான குழம்பின் நடுப்பகுதிக்கு வெப்பம் மெதுவாகவே சென்று சேரும். வீட்டுக்கு வீடு புளியின் அளவும் மாறும். பீன்ஸைத் தனியாக அடைத்துவைத்து, வேண்டும்போது ஜாடியைத் திறந்து சாம்பாரில் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். மிஞ்சிய சாம்பாரை ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம்.