சிறிய ஆடைத் தொழிலில் கழிவைக் குறைப்பது எப்படி?

கேள்வி: பெங்களூரில் குழந்தைகளுக்கான பருத்தி ஆடைகளைச் சிறிய அளவில் தயாரித்து விற்கத் தொடங்குகிறேன். விலைச்சீட்டு மறுசுழற்சித் தாளில், உறை பிளாஸ்டிக் இல்லாமல் என்று முடிவு செய்துவிட்டேன். கழிவையும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் குறைக்க வேறு என்ன செய்யலாம்?

பதில்: பொம்மனஹள்ளியில் 14 தையல் இயந்திரங்கள் கொண்ட ஒரு யூனிட்டை நடத்தி வருகிறேன். துணி பெரும்பாலும் திருப்பூரிலிருந்து வருகிறது. விலைச்சீட்டையும் உறையையும் கடைசியாக யோசித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கழிவில் பெரும்பகுதி, துணி வாங்குவதற்கு முன்பே, எத்தனை நிறம், எத்தனை உருப்படி என்று எழுதும் தாளிலேயே முடிவாகிவிடுகிறது.

சாயப்பட்டறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் இயந்திரம் கொள்ளும் அளவுக்குத் துணி கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு வாய்க்கும் பட்டறை நிறத்துக்கு 50 கிலோ கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 கிராம் எடையுள்ள குழந்தைச் சட்டை, வெட்டுக் கழிவு போக, அதில் ஏறத்தாழ 380 வரும்; ஆறு நிறம் என்றால் 2,280 சட்டைகள். புதிய கடைக்கு ஆறு நிறமும் விற்றுத் தீராது. எந்த நிறம் தங்கும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. விற்காத சட்டையைவிடப் பெரிய கழிவு இத்தொழிலில் இல்லை, ஏனென்றால் பருத்தி விளைய எடுத்த தண்ணீர் முதல் காஜா எடுத்த கூலி வரை அனைத்தும் அதற்குள் போய்விட்டன. பிரிட்டனின் உயர்விலை ஆடை நிறுவனமான பர்பெரி, விற்காத சரக்கில் 2.8 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட மதிப்புள்ளதை ஒரே நிதியாண்டில் அழித்தது 2018இல் வெளியே தெரிந்து, கண்டனம் எழுந்தபின் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. நம்மைப் போன்றவர்கள் எரிப்பதில்லை, பரணில் போட்டுவைக்கிறோம். பெரிய வேறுபாடு ஒன்றும் இல்லை. ஆகவே முதல் ஆண்டில் இரண்டு நிறங்களோடு நில்லுங்கள். கூடுதல் நிறம் வேண்டுமானால், ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய துணியைக் கிலோ கணக்கில் வாங்கிச் சிறு எண்ணிக்கையில் தையுங்கள். அதே ஷேட் மறுபடி கிடைக்காது என்பதை மட்டும் வாடிக்கையாளரிடம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

எந்த நிறம் என்பதும் முக்கியம். பருத்திக்கு வழக்கமாகப் பயன்படும் ரியாக்டிவ் சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு தேவை. கறுப்பு, நேவி போன்ற அடர்நிறங்களுக்கு அது மிக அதிகம். அந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் நீங்குவதில்லை. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டுப்போனதற்கு நிறத்தோடு இந்த உப்பும் காரணம். விவசாயிகள் நீதிமன்றம் சென்று, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதைத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறக்கவில்லை. அதன்பின் கழிவுநீரை வெளியே விடாமல், சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சுவதைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கும் முறையில்தான் பட்டறைகள் இயங்க முடிகிறது. அதற்கும் நிறைய எரிபொருளும் மின்சாரமும் செலவாகின்றன. எனவே பட்டறை எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் இரண்டு நிறங்களையும் வெளிர்நிறமாகத் தேர்ந்தெடுங்கள்.

வெட்டு மேசையில் மிச்சம் பிடிப்பது கட்டிங் மாஸ்டரின் திறமை என்று நினைத்திருந்தேன், பாதி உண்மைதான். 60 அங்குல அகலத்துக்கு மார்க்கர் (துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று காட்டும் வரைபடம்) போட்டு, 62 அங்குல ரோலை விரித்தால், ஓரத்தில் போகும் இரண்டு அங்குலமே மூன்று சதவீதத்துக்கு மேல். ரோல் வந்தவுடன் அகலத்தை அளந்து, ஒரே அகலமுள்ளவற்றைச் சேர்த்து, அதற்கெனத் தனி மார்க்கர் போட வேண்டும். சிறிய அளவையும் பெரிய அளவையும் ஒரே மார்க்கரில் கலந்தால் இடைவெளிகளில் குட்டிக் கைகள் பொருந்திவிடும். ஒருமுறை வரிசையாக நிற்கும் யானை அச்சிட்ட துணியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். எந்தத் துண்டையும் திருப்பிப்போட முடியவில்லை, போட்டால் யானை தலைகீழாக நிற்கும். வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு மூட்டை வெட்டுத்துண்டு விழுந்தது. குழந்தைத் துணியில் உருவங்கள் பல திசையிலும் சிதறிக்கிடக்கும் அச்சையே கேளுங்கள்.

எவ்வளவு செய்தாலும் வெட்டுத்துண்டு விழும். அதைத் தரையிலிருந்து கூட்டி அள்ளாமல், மேசையிலிருந்தே மூன்று சாக்குகளில் பிரித்துப் போட வேண்டும்: வெள்ளைப் பருத்தி, நிறப் பருத்தி, லைக்ரா என்ற இழுபடும் செயற்கை இழை கலந்தது. பருத்தித் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துப் பஞ்சாக்கி, மறுபடி சாயமேற்றாமலேயே நூலாக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட் முறையில் நூற்கும்) மில்கள் திருப்பூர், கோவை வட்டாரத்தில் இருக்கின்றன. கழுத்துப் பட்டியில் வரும் லைக்ரா ரிப் துணி (வரிவரியாகப் பின்னியது) அதில் கலந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார், அல்லது எடுக்கவே மாட்டார். அப்படிப் பிறக்கும் நூலின் இழை குட்டையானது என்பதால் வேறு பஞ்சையும் கலந்தே நூற்கிறார்கள். துண்டைச் சேர்த்து அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று விளம்பரத்தில் எழுதிவிட வேண்டாம்.

கடைசியாக, உங்கள் தொழிலுக்கே உரிய ஒன்று. பிள்ளைகள் துணியைக் கிழிப்பதற்கு முன் வளர்ந்துவிடுகிறார்கள். பட்டுப் பாவாடைக்கு டக் பிடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். பருத்திக் கவுனுக்கும் பைஜாமாவுக்கும் அதைச் செய்யலாம். துணி கொஞ்சம் கூடினாலும் ஒரே உடை இன்னும் ஓர் ஆண்டு வரும். டக்கை வெளிப்புறம் தைத்தால், பிரித்தபின் மடிப்பு இருந்த இடம் வெளுக்காத கோடாகத் தெரியும். ஆகவே கீழ்மடிப்பை உட்பக்கமாக அகலமாக விட்டு, வீட்டில் எளிதாகப் பிரிக்கும்படி நீளத் தையலில் தையுங்கள்.