டேப்பர் சரி என்கிறது கோணமானி; வார்ப்பு ஏன் சிராய்க்கிறது?

கேள்வி: அலுமினிய வார்ப்புக்கான எஃகு டை (அச்சு) எங்களுடையது. குழியின் ஆழம் 80 மி.மீ. வரைபடத்தில் பக்கத்துக்கு 1.5 டிகிரி டேப்பர் (வார்ப்பு எளிதாக வெளிவரச் சுவருக்குக் கொடுக்கும் சாய்வு) போட்டிருக்கிறார்கள். வார்ப்பை வெளியே தள்ளும்போது வெளிப்பக்கத்தில், அடிமுனையிலிருந்து ஏறக்குறைய 30 மி.மீ. உயரத்தில், ஒரே இடத்தில் சிராய்ப்பு விழுகிறது. கோணமானி வைத்துப் பார்த்தால் டேப்பர் சரியாகவே காட்டுகிறது. சுவரை எப்படித் துல்லியமாக அளப்பது?

பதில்: சிராய்ப்பு ஒரே உயரத்தில் விழுவதைக் கவனித்துக் குறித்திருக்கிறீர்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. வார்ப்பின் அடிமுனைதான் டையின் 80 மி.மீ. ஆழம். அங்கிருந்து 30 மேலே என்றால் டையில் 50 மி.மீ. ஆழம். அந்த மட்டத்தில் சுவர் குழிந்திருக்கிறதா என்பதே என் முதல் சந்தேகம். சிராய்ப்பு உட்பக்கத்தில் இருந்திருந்தால், வார்ப்பின் உட்பக்கத்தை உருவாக்கும் ‘கோர்’ பகுதியைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உலோகம் சுருங்கும்போது அந்தப் பகுதியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் உட்சுவருக்கு வெளிச்சுவரைவிடக் கூடுதல் டேப்பர் கொடுக்கிறோம்.

வெர்னியர் கோணமானி 5 கோண நிமிடம் (ஒரு டிகிரியில் 60 நிமிடம்) வரைதான் பிரித்துக் காட்டும். 80 மி.மீ. ஆழத்தில் அது 0.12 மி.மீ. அளவுக்கு வித்தியாசமாகிவிடும். அதைவிடப் பெரிய குறை, அதன் நேரான அலகு சுவரின் மேடுகளில் மட்டும் பட்டு நிற்கும். நடுவில் பள்ளம் இருந்தாலும் அதற்குத் தெரியாது. கோணம் என்ற ஒற்றை எண்ணை மறந்துவிடுங்கள். மேலிருந்து கீழ்வரை சுவர் எப்படிப் போகிறது என்பதை மட்டம் மட்டமாக எடுக்க வேண்டும்.

டை முழுவதும் ஆறிய பிறகே அளக்க வேண்டும். வார்ப்பு ஒட்டாமலிருக்கத் தெளிக்கும் ஸ்ப்ரேயின் படிவும், ஒட்டிய அலுமினியமும் துளி இல்லாமல் துடைத்துவிடுங்கள். டையை மில்லிங் மெஷின் மேசையில் ஏற்றி, பார்டிங் முகத்தின் (டையின் இரு பாதிகளும் சேரும் முகம்) மேல் டயலை (நுண் அளவை முள்ளால் காட்டும் கருவி) ஓட்டி, முகம் முழுவதும் 0.02 மி.மீ.க்குள் மட்டமாக இருக்கும்படி பிடியுங்கள். பிறகு லீவர் டயலை (பக்கவாட்டில் அசையும் சிறு முனை கொண்ட டயல்) ஸ்பிண்டிலில் (மெஷினின் சுழலும் தண்டு) பொருத்தி, ஸ்பிண்டில் சுழலாதபடி பூட்டிவிடுங்கள்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். டயலைச் சுவரில் வைத்தபடியே கீழே இறக்கி, முள் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கிறார்கள். 60 மி.மீ. இறக்கத்துக்கு 1.5 டிகிரி என்றால் 1.57 மி.மீ. நகர வேண்டும். சாதாரண லீவர் டயலின் மொத்த ஓட்டமே 0.8 மி.மீ. அளவுதான். முனையின் சாய்வு மாறுவதால் வரும் பிழை வேறு. டயலைச் சுழியம் காட்ட மட்டும் பயன்படுத்துங்கள். 10 மி.மீ. ஆழத்தில் சுவரைத் தொட்டு, முள்ளைச் சுழியத்தில் வைத்து, மேசையின் டிஜிட்டல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரைவிட்டு விலக்கி, 10 மி.மீ. இறக்கி, மறுபடி முள் சுழியத்துக்கு வரும்வரை மேசையை நகர்த்துங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகுங்கள்; இல்லாவிட்டால் திருகின் தளர்ச்சி கணக்கில் புகுந்துவிடும். இப்படியே 70 வரை போங்கள். அதற்குக் கீழே மூலை வளைவு தொடங்கிவிடும்.

நல்ல சுவர் என்றால் ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் 0.26 உள்ளே வரும். உங்களுக்கு 0, 0.26, 0.52, 0.78, 0.70, 1.10, 1.57 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் பார்த்தால் அசல் 1.5 டிகிரி! ஆனால் 40-லிருந்து 50-க்குப் போகும்போது சுவர் 0.08 மி.மீ. பின்வாங்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் உறைந்த உலோகம், வெளியே வரும்போது 40 மட்டத்து விளிம்பில் உரசத்தான் செய்யும். உலோகம் பாய்ந்து மோதும் இடத்தில் அரிப்பால் இப்படி ஆகும். ஒட்டிய அலுமினியத்தைக் கைக் கிரைண்டரால் எடுத்தபோது ஒரே இடத்தில் அதிகம் தேய்த்திருந்தாலும் ஆகும்.

எதிர்ச்சுவரையும் இதே அமைப்பில் அளந்துவிடுங்கள். 70 மட்டத்தில் ஒரு பக்கம் 1.78 மி.மீ., மறுபக்கம் 1.36 மி.மீ. என்று வந்தால் பதற வேண்டாம். டையோ ஸ்பிண்டிலோ 0.2 டிகிரி சாய்ந்திருந்தாலும் அப்படித்தான் காட்டும், சராசரி 1.57, அது சரியான அளவு. சாய்வு அமைப்பிலா டையிலா என்று அறிய, டையை 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி அளங்கள். கூடுதல் அளவு அதே சுவரோடு போனால் குற்றம் டையில். திருப்பியதும் மற்றச் சுவருக்கு மாறினால் மெஷினில். இரு சுவர்களின் இடைவெளியை வைத்துக் கணக்கிடுபவர்கள் வித்தியாசத்தை இரண்டால் வகுக்க மறந்து, பக்கத்துக்கு 3 டிகிரி என்று எழுதிவிடுவதும் உண்டு.

வட்டக் குழி என்றால் இரண்டு எஃகுக் குண்டுகள் போதும். 24 மி.மீ. குண்டை முதலில் போட்டு அதன் உச்சி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எடுத்துவிட்டு, 26 மி.மீ. குண்டைப் போட்டு அதையும் அளங்கள். 1.5 டிகிரிக்கு இரண்டு உச்சிகளின் வித்தியாசம் 39.2 மி.மீ. வர வேண்டும். குழியின் விட்டத்தில் 0.01 மாறினால் குண்டு 0.19 மி.மீ. ஏறி இறங்கும் என்பதால், சிறு தூசிகூட அளவைக் கெடுக்கும். இந்த முறையும் குண்டு உட்காரும் இரண்டு மட்டங்களை மட்டுமே சொல்லும்.

பள்ளம் உறுதியானால் வெல்டு வைத்து நிரப்பி மறுபடி இழைப்பதே நல்லது. மேல்பகுதியைத் தேய்த்துச் சரிசெய்தால் வார்ப்பின் அளவு கூடும். டாலரன்ஸில் (அனுமதிக்கப்பட்ட அளவு வித்தியாசம்) இடமிருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். கடைசி மெருகுக் கல்லை வார்ப்பு வெளியே வரும் திசையிலேயே ஓட்டிவிட்டு, அதே ஏழு மட்டங்களையும் மறுபடி அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.