எபிரேயச் சொற்கள் மனதில் நிற்க

இஸ்ரேலின் ஹைஃபா நகருக்குப் படிக்கப் போகிறீர்கள். மஹ்ஷெவ் (கணினி), ஹெஷ்பொன் (பில்), ஹஷூவ் (முக்கியமான) மூன்றும் தலைக்குள் குழம்புகின்றன என்கிறீர்கள். குழம்பத்தான் செய்யும், மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஹ-ஷ-வ என்ற மூன்று மெய்கள்தான் வேர். எண்ணுதல், கணக்கிடுதல் என்பது பொருள். அகரவரிசைப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள்.

ஒன்றில் ‘வ’, இன்னொன்றில் ‘ப’ ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். எழுத்து ஒன்றுதான், பேத். சொல் முதலில் வந்தால் ‘ப’, உயிரொலிக்குப் பின் வந்தால் பொதுவாக ‘வ’. ‘கடல்’, ‘அகல்’ இரண்டிலும் ஒரே ககரத்தை வெவ்வேறாக ஒலிக்கும் நமக்கு இது பெரிய வித்தையே அல்ல.

புதுச் சொற்களும் பழைய வேரில் முளைத்தவைதான். எபிரேயத்தை மீண்டும் பேச்சுமொழியாக்க உழைத்த எலியேசர் பென் யெஹூதா, ‘மிலா’ (சொல்) என்பதிலிருந்து ‘மிலோன்’ (அகராதி) என்று 1880இல் உருவாக்கினார். நாளிதழுக்கு ‘இத்தோன்’, ‘எத்’ என்றால் காலம். ஆனால் தெருவில் ஓயாமல் கேட்கும் யல்லா (வா, போகலாம்), சபாபா (அருமை) போன்றவை அரபியிலிருந்து வந்தவை. அவற்றுக்கு வேர் தேடி மெனக்கெடாதீர்கள், அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

‘துக்கி’ என்ற சொல்லையும் பார்ப்பீர்கள். விவிலியத்தில் சாலொமோனின் கப்பல்களில் வந்த மயிலைக் குறிக்கும் இச்சொல், நம் ‘தோகை’யிலிருந்து போனது என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்றைய எபிரேயத்தில் அதற்குக் கிளி என்று பொருள். மயிலைக் காட்டி ‘துக்கி’ என்று சொல்லிவிடாதீர்கள், அது ‘தவாஸ்’.