அடங்கியிருக்கு, அணையல

அன்புள்ள சார்,

நான் கலிபோர்னியால வேகவில் பக்கம் இருக்கேன். காட்டுத்தீ சமயத்துல பல துறைகள்ல இருந்து வர்ற தகவலை ஒரே மேப்ல காட்டுற சாஃப்ட்வேர் டீம்ல வேலை. ஃபெடரல் வனத்துறை, மாநிலத் தீயணைப்பு, கவுண்டி, நகராட்சின்னு ஆளாளுக்கு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. 'கன்டெய்ன்ட்'னா என்ன, 'கன்ட்ரோல்டு'னா என்னன்னு மாசக்கணக்கா மீட்டிங் ஓடுது. வெறும் வார்த்தைக்கு இவ்ளோ நேரமான்னு அலுப்பா இருக்கு. நீங்க வட்டார வழக்கு அழியக்கூடாதுன்னு எழுதுறவர். எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்லணும்னு கட்டாயப்படுத்துறதை நீங்க ஒத்துக்குவீங்களா? இன்னொன்னு, வைல்ட்ஃபயருக்குத் தமிழ்ல காட்டுத்தீயா, காட்டெரியா, எது சரி? 2020 ஆகஸ்ட் தீயில நாங்களும் ராத்திரியோட ராத்திரியா வீட்டைக் காலி பண்ணோம். அப்பா அம்மா லாக்டவுன்ல மாட்டி எங்ககூட இருந்தாங்க. 'வார்னிங்'னா எச்சரிக்கைதானே, 'ஆர்டர்' வரட்டும்னு அப்பா கட்டில விட்டு எந்திரிக்கவே இல்ல.

க.

அன்புள்ள க.,

உங்க கடிதத்துல முக்கியமான விஷயத்தைக் கடைசி வரியில போட்டிருக்கீங்க. அப்பா கட்டில விட்டு எந்திரிக்கலன்னு. அதுக்கு மேல நாலு வரி தள்ளி 'வெறும் வார்த்தை'ன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டையும் எழுதினது ஒரே கைதானா? கலிபோர்னியால 'வார்னிங்'னா சும்மா உஷாரா இருங்கன்னு அர்த்தம் இல்ல, கிளம்ப நேரம் பிடிக்கிறவங்க, வயசானவங்க, ஆடு மாடு நாய் வச்சிருக்கவங்க இப்பவே கிளம்புங்கன்னு அர்த்தம். 'ஆர்டர்'னா உயிருக்கு ஆபத்து வாசல்ல நிக்குது, எல்லாரும் இந்த நிமிஷமே வெளிய வாங்க, இனி அந்த ஏரியாவுக்குள்ள யாரும் போகக்கூடாதுன்னு அர்த்தம். உங்க அப்பாவுக்கான அறிவிப்பு அந்த வார்னிங்தான். அவர் மேல தப்பே இல்ல. நம்ம ஊர்ல எச்சரிக்கைங்கிறது போஸ்ட் கம்பத்துல மண்டை ஓடு படம் போட்டுத் தொங்குற தகரம், அதைப் பாத்து யாரு ஓடுறா? நீங்க அந்த மீட்டிங்ல அலுத்துக்கிட்டு உக்காந்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கட்டில்ல உக்காந்திருக்கிற ஒரு அப்பாவுக்காகன்னு நினைச்சுக்கங்க.

வட்டார வழக்கு கேள்விக்கு ரொம்ப பேச மாட்டேன். வீட்டுக்குள்ள, வயக்காட்டுல, சண்டையில, கொஞ்சல்ல உங்க ஊர்ப் பேச்சு உங்களோடது. முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேர் ஒரு ரேடியோவோட ரெண்டு முனையில நிக்கும்போது மட்டும் ஒரே வார்த்தைதான் இருக்கணும். எங்க பக்கம் வைக்கோலை அடுக்கி வச்சா படப்பு, தஞ்சாவூர்க்காரருக்கு அது போர். அவர் பதறிப்போய் போனைப் போட்டு "போர் பத்திக்கிச்சு"ன்னா எங்க ஊர் ஆளு போர் மோட்டார்ல கரண்டு கசிவுன்னு நினைச்சு டெஸ்டரோட கிளம்புவான். உங்க ஊர் டேங்கர் கதையும் இதேதான். அமெரிக்காவுல சில பகுதியில கிராமத்துத் தீயணைப்பு ஆளுங்களுக்கு டேங்கர்னா தண்ணி லாரி, காட்டுத்தீ ஆளுங்களுக்கு அது தண்ணியும் தீத்தடுப்பு மருந்தும் கொட்டுற விமானம். அதனாலதான் லாரியை 'டெண்டர்'னு சொல்லுங்கப்பான்னு விதி வச்சாங்க. 1970ல தெற்குக் கலிபோர்னியா 13 நாள் எரிஞ்சு 16 பேர் செத்து 700 கட்டடத்துக்கு மேல போனப்ப, உதவிக்கு வந்த துறைகள் ஒவ்வொண்ணும் தன்னோட ரேடியோ, தன்னோட சங்கேத எண், தன்னோட பதவிப் பேரோட வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் ஃபயர்ஸ்கோப்னு ஒரு திட்டம் வந்து, எண்ணுல பேசாதீங்க, சாதாரண வார்த்தையில பேசுங்கன்னு சொல்லிக்கொடுத்துச்சு. உங்க மீட்டிங்குக்கு வயசு அம்பது தாண்டியாச்சு, தம்பி. நீங்க மாசக்கணக்குன்னு அலுத்துக்கறீங்க.

இப்ப என் விஷயத்துக்கு வர்றேன். 2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சலஸ் எரிஞ்சப்ப நம்ம சேனல்ல, நம்ம பேப்பர்ல, வாட்ஸ்அப்ல எல்லாம் "தீ 40 சதவீதம் அணைக்கப்பட்டது"ன்னு ஓடுச்சு. எவனும் அணைக்கல. 'கன்டெய்ன்ட்'னா தீயைச் சுத்தி ஒரு கோடு போட்டாச்சுன்னு அர்த்தம். மண்ணை வெட்டி, புல்லு வேரு எல்லாத்தையும் சொரண்டி, தீ தாண்டாதுன்னு நம்புற ஒரு கோடு. 40 சதவீதம்னா தீயோட மொத்தச் சுத்தளவுல நூத்துக்கு நாப்பது பங்குக்குக் கோடு போட்டிருக்கு, அவ்வளவுதான். உள்ள திகுதிகுன்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கலாம். கோட்டை ஒட்டி இருக்கிற கங்குகளையெல்லாம் குளிர வச்சு, இனி காத்து அடிச்சாலும் தாண்டாதுன்னு ஆனாத்தான் 'கன்ட்ரோல்டு'. உள்ள ஒரு கங்கு கூட இல்லைன்னாத்தான் 'அவுட்'. மூணும் மூணு வேற நிலைமை. மூணுக்கும் நம்மாளு ஒரே வார்த்தை போடுறான், அணைக்கப்பட்டது. கேட்டா தமிழ்ல வார்த்தை இல்ல சார்ங்கிறான். எனக்கு வர்ற கோவத்துக்கு!

தமிழ்ல இல்லையா? எங்க அப்பத்தா கிட்ட இருந்துச்சு. ராத்திரி அடுப்புல ஒரு எருமுட்டைத் துண்டைக் கங்காக்கி மேல சாம்பலை மூடிட்டுப் படுப்பா. காலையில சாம்பலைத் தள்ளி ரெண்டு ஊது ஊதினா செவசெவன்னு கண்ணு முழிக்கும். பக்கத்து வீட்டுக்காரி கொட்டாங்கச்சியோட வந்து நெருப்பு வாங்கிட்டுப் போவா. அந்த அடுப்பைப் பாத்து யாராச்சும் "நெருப்பு அணைஞ்சிருச்சா?"ன்னு கேட்டா அப்பத்தா சொல்ற பதில் "அடங்கியிருக்கு." அணைஞ்சது வேற, அடங்கினது வேற, தணிஞ்சது வேற. நீறு பூத்த நெருப்புன்னு நம்ம பேச்சாளர்கள் மேடைக்கு மேடை அரசியலுக்குப் போடுறாங்களே, அது அரசியல் வார்த்தை இல்ல, அடுப்படி வார்த்தை.

நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது எங்க படப்புல தீப்பிடிச்சுச்சு. ஊரே கம்மாய்ல இருந்து குடம் குடமா கொண்டு வந்து ஊத்தி, கவைக்கம்பால பிரிச்சுப் போட்டு, சாயங்காலத்துக்குள்ள புகை நின்னுருச்சு. சித்தப்பா மூஞ்சியெல்லாம் கரியோட திண்ணையில உக்காந்து "அணைஞ்சிருச்சு, சோத்தைப் போடுங்க"ன்னார். அப்பத்தா மட்டும் போய்ப் படப்போட அடியில முழங்கை வரைக்கும் கையை விட்டு, புறங்கையால தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வந்தா, எங்களுக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியில வைக்கிற மாதிரியே. "அடங்கித்தான் இருக்கு, அணையல. இன்னும் பிரிங்கடா"ன்னா. கேக்கல. அன்னைக்கு எல்லாருக்கும் அசதி, அதுவும் பொம்பள சொன்னது. மேல வைக்கோல் நனைஞ்சு கெட்டியாகி மூடி போட்ட மாதிரி ஆயிருச்சு, உள்ளுக்குள்ள அது பாட்டுக்கு வேகுது. மூணாம் நாள் ராத்திரி காத்து கிளம்புச்சு. படப்பும் போச்சு, ஒட்டியிருந்த தொழுவமும் போச்சு. செவலைப் பசு கயித்தை அத்துக்கிட்டு வெளிய வந்துருச்சு, முதுகு வெந்துபோய். அது சாகுற வரைக்கும் அந்த இடத்துல முடி முளைக்கவே இல்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மக வீட்டுக்கு உங்க கலிபோர்னியாவுக்கு வந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் காட்டுத்தீயில முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். எரிஞ்சு முடிஞ்ச எடத்துல என்ன செய்வீங்கன்னு கேட்டேன். கையுறையைக் கழட்டுற மாதிரி பாவனை பண்ணி, மண்டி போட்டு, புல்தரையில புறங்கையை வச்சு அடி அடியா நகந்து காட்டினார். சூடு தெரியிற எடத்தைத் தோண்டி எடுக்கணுமாம். 'கோல்டு டிரெயிலிங்'னு பேராம். நான் அவர் கையையே பாத்துக்கிட்டிருந்தேன்.

உங்க கலிபோர்னியாவுலயே ஓக்லாண்ட் மலையில 1991 அக்டோபர் 19, சனிக்கிழமை, சின்னப் புல்லுத்தீ. அமத்தியாச்சுன்னு நினைச்சாங்க, ஹோஸைக் கூட அங்கயே விட்டு வச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை காத்து வந்துச்சு. 25 பேர் செத்தாங்க, மூவாயிரம் குடும்பத்துக்கு மேல வீடு இல்ல. அன்னைக்கு இன்னொரு கூத்து, உதவிக்கு வந்த வெளியூர் வண்டிகளோட ஹோஸ் ஓக்லாண்ட் ஹைட்ரண்ட்ல, அதான் தெருவோரத்துல தீயணைப்புக்குன்னு வச்சிருக்கிற தண்ணிக் குழாய்ல, மாட்டல. அங்க மூணு இஞ்ச் கப்ளிங், மத்த ஊர்ல ரெண்டரை. அடாப்டர் இல்லாம முடியாது. தண்ணியும் இருக்கு, ஹோஸும் இருக்கு, ஆளும் இருக்கு, திருகு மட்டும் ஒத்துப்போகல. உங்க மீட்டிங்ல அலுப்பு தட்டும்போது அந்த அரை இஞ்சை நினைங்க.

அதுக்கு முப்பத்துமூணு வருஷம் கழிச்சு மறுபடியும் அதே கதை. லாஸ் ஏஞ்சலஸை எரிச்ச பாலிசேட்ஸ் தீ 2025 ஜனவரி 7ன்னுதானே எல்லாருக்கும் தெரியும்? ஜனவரி 1ஆம் தேதி அதே மலையில லாக்மன்னு ஒரு சின்னத் தீ, எட்டு ஏக்கர்தான். அடக்கியாச்சுன்னு ஆளுங்க கிளம்பிட்டாங்க. அது மண்ணுக்கடியில வேரைப் புடிச்சு ஆறு நாள் கங்காவே கிடந்து, காத்து வந்தப்ப எந்திரிச்சதுதான் பாலிசேட்ஸ்னு அந்த அக்டோபர்ல ஃபெடரல் விசாரணைக்காரங்க சொன்னாங்க. அந்தச் செய்தியைப் படிச்ச நாள்ல இருந்து எனக்குப் படப்பு ஞாபகமாவே இருக்கு, உங்க கடிதம் வந்ததும் அதனாலதான் உடனே உக்காந்துட்டேன். 'கன்டெய்ன்ட்'ங்கிற வார்த்தையில தப்பு இல்ல, அதுக்கு ஒரு தெளிவான அர்த்தம் இருக்கு. கேக்குறவன் காதுல அது 'அணைஞ்சிருச்சு'ன்னு விழுது பாருங்க, அங்கதான் கோளாறு. சித்தப்பாவுக்குச் சோறு வேணும், பேப்பர்காரனுக்கு நல்ல சேதி வேணும்.

உங்க டீம்ல ஒரு வேலை செய்யச் சொல்லுங்க. மேப்ல 'கன்டெய்ன்ட்'னு வர்ற எடத்துல பக்கத்துலயே, உள்ள இன்னும் எரியலாம்னு ஒரு வரி போடுங்க. முடிஞ்சா தமிழ்லயும். கன்டெய்ன்டுக்கு 'வளைச்சாச்சு', கன்ட்ரோல்டுக்கு 'அடங்கியாச்சு', அவுட்டுக்கு மட்டும் 'அணைஞ்சாச்சு'. இதுல சண்டைக்கு வர்றவங்க வரட்டும், பேசிக்கலாம். முதல் வார்த்தை மேல எனக்கே முழு திருப்தி இல்ல.

அப்பா இப்ப ஊர்லயா? அந்த ராத்திரி கடைசியில எப்படிக் கிளப்புனீங்கன்னு நீங்க எழுதவே இல்லையே, அதை எழுதுங்க. காட்டுத்தீயா காட்டெரியான்னு ஒண்ணு கேட்டிருந்தீங்க, மறந்தே போச்சு. காட்டுத்தீன்னே போடுங்க.