டிரைவைக் கேட்காமல் காசை நீட்டியவர்கள்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு பற்றியவை. மிக்ஸிக்காரர்களும் வாஷிங் மெஷின்காரர்களும் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: பழைய 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றை ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். 'ஹெல்த் 100%' என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: அந்த ஸ்கிரீன்ஷாட் எந்த டிரைவினுடையது என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். லினக்ஸ் போட்ட பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். அவர் கணினியை அதிலிருந்து பூட் செய்து, ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு 'என்விஎம்இ ஸ்மார்ட்-லாக்' கட்டளையை ஓட்டுங்கள். (என்விஎம்இ என்பது இந்த வகை எஸ்எஸ்டி கணினியோடு பேசும் பாஷை; ஸ்மார்ட் என்பது டிரைவ் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் கணக்கு.) நிரல் ஐஓசிடிஎல் என்ற அழைப்பு வழியாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள என்விஎம்இ டிரைவரிடம் (சாதனத்தோடு பேசும் மென்பொருளிடம்) கேட்கும். கெர்னல் டிரைவர் அதை 64 பைட் கட்டளையாக்கி எஸ்எஸ்டியின் அட்மின் வரிசையில் வைக்கும். எஸ்எஸ்டி தன் ஜாதகத்தை 512 பைட்டில் எழுதிக் கொடுத்துவிடும்.

அதில் 'பர்சென்டேஜ் யூஸ்டு' என்பது தேய்ந்தது எவ்வளவு என்ற கணக்கு, மிச்சம் எவ்வளவு என்பதல்ல. 0 என்றால் புதுசு. 100-ஐத் தாண்டியும் போகும். 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' எண்ணை 5,12,000-ஆல் பெருக்கினால் எழுதப்பட்ட பைட் கிடைக்கும்: 4 கோடி யூனிட் என்றால் 20.48 டிபி. 'மீடியா எரர்ஸ்' 0 இல்லையென்றால் டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். கடைசியாக 'ஐடி-கன்ட்ரோல்' கட்டளை காட்டும் சீரியல் எண், ஸ்டிக்கரில் உள்ள எண் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.

கேள்வி: 500 ஜிபி என்று வாங்கினேன், விண்டோஸில் 465 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? – சேலம்

பதில்: இல்லை, பெட்டியில் இருப்பது ஆயிரத்தின் கணக்கு, விண்டோஸ் போடுவது 1024-இன் கணக்கு.

கேள்வி: எம்.2 எஸ்எஸ்டிக்காக யுஎஸ்பி கேஸ் வாங்கினேன். உள்ளே போட்டால் ஃபைல் எல்லாம் தெரிகிறது, காப்பியும் ஆகிறது. ஆனால் டிரைவின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் நிரலை ஓட்டினால் 'தெரியாத யுஎஸ்பி பிரிட்ஜ்' என்கிறது. 'இந்த எஸ்எஸ்டியில் ஸ்மார்ட் வசதியே கிடையாது' என்று கடைக்காரர் சாதிக்கிறார். – திருச்சி வாசகி

பதில்: கடைக்காரர் சொல்வது தப்பு. என்விஎம்இ வரையறைப்படி எஸ்எஸ்டி அந்த விவரத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். நீங்கள் அனுப்பும் கேள்வி அதுவரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் எஸ்எஸ்டிக்குத் தெரிந்த பாஷை என்விஎம்இ. கேபிளின் இந்தப் பக்கம் கெர்னல் பேசுவது ஸ்கஸி என்ற பழைய பாஷை. கேஸுக்குள் நகத்தளவு இருக்கும் பிரிட்ஜ் சிப்தான் இரண்டுக்கும் நடுவே துபாஷி. 'இந்த இடத்தைப் படி, இந்த இடத்தில் எழுது' என்ற அன்றாடப் பேச்சை எந்தச் சிப்பும் மாற்றிச் சொல்லிவிடும். அதனால்தான் காப்பி ஆகிறது. 'உன் உடம்பு எப்படி இருக்கிறது' என்ற கேள்வி வரும்போதுதான் துபாஷியின் லட்சணம் தெரியும். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை டிரைவுகளுக்கு இதற்கு ஒரு பொது ஏற்பாடு உண்டு. சாட்டா கட்டளையை ஹெக்ஸ் 85 என்று தொடங்கும் 16 பைட் ஸ்கஸி உறைக்குள் போட்டு, நிரல் எஸ்ஜி-ஐஓ அழைப்பில் கெர்னலிடம் கொடுக்கும். கெர்னல் உறையை அப்படியே கடத்தும், சிப் பிரித்து டிரைவிடம் கொடுக்கும். யுஎஸ்பி வழி என்விஎம்இக்கு இப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட உறை இல்லை. சிப் செய்யும் நிறுவனங்களில் ஜேமைக்ரான் ஒரு விதம், ஏஎஸ்மீடியா ஒரு விதம், ரியல்டெக் ஒரு விதம். சிப்பின் பெயர் தெரிந்தால்தான் எந்த உறையில் போடுவது என்று நிரலுக்குத் தெரியும்.

பெட்டியில் என்ன போட்டிருக்கிறான்? '10 ஜிபிபிஎஸ்', 'விமான அலுமினியம்', 'கலர் விளக்கு'. ஸ்க்ரூ டிரைவர் இலவசம் என்பதுகூட இருக்கும். சிப்பின் பெயரை மட்டும் சொல்ல மாட்டான். அரிசி மூட்டையில் ரகத்தை எழுதாமல் சாக்கின் நிறத்தை விளம்பரம் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்னொரு கூத்தும் உண்டு: முதல் முறை ஒரு சிப், அதே மாடல் பெயரில் அடுத்த முறை வேறு சிப். என் இழுப்பறையில் இப்படி மூன்று கேஸ் கிடக்கின்றன. ஒன்றில் விளக்கு மட்டும் ஜோராக எரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஸ்மார்ட்சிடிஎல்லைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். பிறகு சாதன வகையைக் கையால் கொடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஜேஎம்எஸ்583 சிப்புக்கு 'எஸ்என்டிஜேமைக்ரான்', ஏஎஸ்எம்2362-க்கு 'எஸ்என்டிஏஎஸ்மீடியா', ஆர்டிஎல்9210-க்கு 'எஸ்என்டிரியல்டெக்'. மூன்றும் மசியவில்லை என்றால் கேஸைத் திருப்பிக் கொடுங்கள். அதற்கு முன் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையின் டிஸ்கார்ட் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே வெறும் 0 என்றால் டிரிம் கட்டளையும் அந்தச் சிப்பைத் தாண்டவில்லை. அழித்த ஃபைல்களின் இடம் காலி என்பதே எஸ்எஸ்டிக்குத் தெரியாது, நாளாக ஆக எழுதும் வேகம் படுத்துவிடும். அடுத்த தடவை வாங்கும்போது சிப் பெயரை எழுத்தில் கேளுங்கள். சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி: அதே மாதிரி கேஸ்தான் என்னுடையதும். பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது நடுவில் அறுந்து போகிறது. – நாகர்கோவில்

பதில்: முதலில் கேபிளை மாற்றுங்கள், ஹப் இல்லாமல் நேராகச் செருகுங்கள். அப்புறமும் அறுந்தால் கெர்னல் பதிவில் 'யுஏஎஸ்' என்று தொடங்கும் பிழைகள் இருக்கின்றனவா பாருங்கள். யுஏஎஸ் டிரைவர் ஒரே நேரத்தில் பல கட்டளைகளை அனுப்பும்; மட்டமான சிப் திணறும். அந்தக் கேஸின் யுஎஸ்பி அடையாள எண்ணைக் கொடுத்து, யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் என்ற கெர்னல் அமைப்பில் 'யு' என்று போட்டால் ஒவ்வொரு கட்டளையாகப் போகும் பழைய டிரைவருக்கு மாறிவிடும். வேகம் குறையும், அறுபடாது.

கேள்வி: 2 டிபி பென் டிரைவ் 799 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். படம் பாதியில் நின்றுவிடுகிறது. – கோவை

பதில்: 799 ரூபாய்க்கு 2 டிபி எங்கேயும் கிடையாது. இது உங்களுக்கும் தெரியும்.

கேள்வி: நான் கல்யாண வீடியோ எடுப்பவன். கடையில் பில்லோடு 256 ஜிபி கார்டு வாங்கினேன். ஒரு முகூர்த்தத்தில் பாதி கிளிப்புக்கு மேல் திறக்கவில்லை. ஃபைல் பெயர், அளவு எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. கார்டு ஒரிஜினல்தான், உங்கள் கேமராதான் கோளாறு என்கிறார்கள். – தஞ்சாவூர்

பதில்: கேமரா மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. 'உன் கொள்ளளவு எவ்வளவு' என்று கெர்னல் கேட்கும், கார்டு ஒரு எண்ணைச் சொல்லும். கெர்னலுக்கு அதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளே 32 ஜிபி சில்லை வைத்து 256 என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தால், 32-க்கு மேல் எழுதுவது ஒன்று காற்றில் போகும், இல்லை பழையதன் மேலேயே விழும். ஃபைல் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் இருப்பதால் பெயரும் அளவும் மட்டும் பிழைத்துக்கொள்கின்றன.

நகல் எடுக்கும்வரை அந்தக் கார்டில் எதையும் எழுதாதீர்கள். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு முழு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கார்டைக் காலி செய்து 'எஃப்3ரைட்' என்ற சோதனை நிரலை ஓட்டி நிரப்புங்கள். நொடிக்கு 20 எம்பி என்றால் மூன்றரை மணி நேரம் ஆகும். கார்டைக் கழற்றி மறுபடி செருகியபின் 'எஃப்3ரீட்' ஓட்டுங்கள். கழற்றாமல் ஓட்டினால் கணினியின் நினைவகத்தில் இருப்பதே பதிலாக வந்து ஏமாற்றும். 'டேட்டா லாஸ்ட்' என்ற வரியைப் படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. 'தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல' என்று வாதாடுவார்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருளுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விலக்கு தருகிறது. கார்டின் விலையோடு நின்றுவிடாமல் உங்களுக்கு நேர்ந்த நஷ்டத்தையும் கேளுங்கள்.

கேள்வி: வீடியோவில் பார்த்த வரியைக் காப்பி செய்து 'என்விஎம்இ ஃபார்மேட்' கொடுத்தேன். பழைய டிரைவுக்குப் பதில் புது டிரைவ் அழிந்துவிட்டது. வரியில் 'ஃபோர்ஸ்' என்று இருந்தது. வாரண்டியில் டேட்டாவை மீட்டுத் தருவார்களா? – சென்னை

பதில்: தர மாட்டார்கள். வாரண்டி டிரைவுக்குத்தான். அந்த என்விஎம்இ கருவியின் புதிய பதிப்புகள் 10 நொடி எச்சரித்துக் காத்திருக்கும். அந்த எச்சரிக்கையை வாயடைக்கத்தான் 'ஃபோர்ஸ்'. ரூட்டாக வந்து சொன்னால் கெர்னல் மறுபேச்சுப் பேசாது. 0, 1 என்ற டிரைவ் எண்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம். சீரியல் எண் வரும் 'பை-ஐடி' பெயரைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கேள்வி: லேப்டாப்பை விற்கும் முன் சாட்டா எஸ்எஸ்டியை செக்யூர் எரேஸ் (முழு அழிப்பு) செய்யப் பார்த்தால் 'ஃப்ரோஸன்' என்கிறது. டிரைவ் பழுதா? – வேலூர்

பதில்: பழுதில்லை. பூட் ஆகும்போதே, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் பூட்டிவிடுகிறது. வைரஸ் வந்து பாஸ்வேர்டு போடாமல் இருக்க. லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். யுஎஸ்பி கேஸில் வைத்து இதைச் செய்யாதீர்கள்: அழிக்கும் முன் டிரைவுக்குப் பாஸ்வேர்டு போட வேண்டும், நடுவில் அறுந்தால் பாஸ்வேர்டு விழுந்த டிரைவ் கையில் மிஞ்சும்.

கேள்வி: 'புதிது' என்று வாங்கிய வன்தட்டில் ஓடிய நேரம் 0 என்றுதான் இருக்கிறது. ஆனால் ஸ்க்ரூ துளையில் கீறல். – மதுரை

பதில்: கண்ணை நம்புங்கள். ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்க முடியும். ஜெர்மனியில் 2025 தொடக்கத்தில் புதிது என்று விற்ற சீகேட் வன்தட்டுகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை என்று அம்பலமானது. தாங்கள் அவற்றை விற்கவில்லை என்றது சீகேட். காட்டிக்கொடுத்தது, சீகேட் டிரைவுகள் தமக்குள் வைத்திருக்கும் ஃபார்ம் என்ற தனிப் பதிவு. உங்களுடையதும் சீகேட் என்றால், ஸ்மார்ட்சிடிஎல் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அந்தப் பதிவைக் கேளுங்கள். இரண்டு நேரமும் ஒத்துப்போகாவிட்டால் இன்றே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி ஆரோக்கியம் பார்க்கும் மென்பொருள் ஒன்று, விண்டோஸில் தனியாகக் கெர்னல் டிரைவர் போடச் சொல்கிறது. வருடத்துக்கு 1,499 ரூபாய். வாங்கலாமா? – புதுச்சேரி

பதில்: வேண்டாம். விண்டோஸோடு வரும் டிரைவரே அந்த 512 பைட் ஜாதகத்தை இலவசமாக வாங்கித் தரும்.