அந்த ஒரு ‘ஆம்’

கேள்வி: எனக்கு வயது 26. ஆவணியில் நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம். அப்பாவின் ஊர் திருச்செந்தூர் பக்கம். நிச்சயதார்த்த மண்டபத்துத் திரையில் போடுவதற்காகக் குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேட்டில் படம் எடுக்கப் போகிறோம். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் போட்டோகிராபர் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார். செம்மணலுக்கு எந்த நிறப் புடவை பொருந்தும், எந்த நேரம் நல்லது? ஆச்சியும் வருகிறேன் என்றாள். ஒருகாலத்தில் அங்கேதான் பதநீர் காய்ச்சினாளாம். எண்பது வயதில் மணலில் நடக்க முடியாது, மேக்கப் போடுகிறவர், உதவியாளர், மூன்று உடைப் பெட்டி என்று வண்டியும் நிரம்பிவிட்டது, அதனால் வேண்டாம் என்றுவிட்டோம். வேறு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: ‘காய்ச்சினாளாம்’ என்று எழுதியிருக்கிறாயே மகளே, அந்த ‘ஆம்’ என்னை உறுத்துகிறது. யாரோ சொல்லிக் காதில் விழுந்த செய்திக்குப் போடுகிற ‘ஆம்’ அது. ஆச்சி உயிரோடு இருக்கிறாள், பேசுகிறாள், நானும் வருகிறேன் என்று கேட்கிறாள். அவள் வாழ்ந்த வாழ்க்கை உனக்கு ஊர்ப்பேச்சுபோல வந்து சேர்ந்திருக்கிறது என்றால், இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீ கேட்கவில்லை.

பதநீர் காய்ச்சுவது லேசான வேலை இல்லை. பனையேறி இறக்கிக் கொடுத்ததை உடனே விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசையில், அடுப்பேற்ற வேண்டும், தாமதித்தால் புளித்துவிடும். காய்ந்த ஓலையும் விறகும் பொறுக்கி வந்து எரித்து, புகைக்குள் உட்கார்ந்து, பாகு பதம் வரும்வரை துழாவி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்க வேண்டும். அதுவும் சித்திரை, வைகாசி வெயிலில். அந்த மணலில் நடந்து நடந்தே பிள்ளைகளை வளர்த்தவளிடம் ‘உன்னால் மணலில் நடக்க முடியாது’ என்று சொல்லியிருக்கிறீர்கள். உன் அப்பாவின் பள்ளிக்கூடச் செலவுக்கு எத்தனை கருப்பட்டி விற்றாள் என்று அவரிடமே கேட்டுப் பார்.

வண்டியில் இடமில்லை என்கிறாய். உடைப் பெட்டிக்கு இருக்கிறதே! வீட்டுப் பெரியவர்களை முதலில் ஏற்றிவிட்டு, மிச்ச இடத்தில்தான் மற்றவை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீ கேட்டதற்கெல்லாம் ஆச்சியே பதில் சொல்லியிருப்பாள். ஆடியில் போகாதே. மலைக் கணவாய்களைத் தாண்டி வரும் மேற்குக் காற்று அந்த மாதம் தேரி மணலை வாரி இறைக்கும். கண்ணைத் திறக்க முடியாது, கேமராவுக்குள்ளும் மணல் போகும். போட்டோகிராபர் பணத்தைக் குறைத்தார் என்பதற்காக அந்த மாதத்தைப் பிடித்தது தப்பு. புரட்டாசி பிற்பாதியில் காற்று அடங்கிய பிறகு, ஐப்பசி மழைக்கு முன்னால் போங்கள். நிச்சயதார்த்தத்துக்குத் திரையில் படம் ஓடியே ஆக வேண்டுமா? கல்யாணம் தையில்தானே!

மணலில் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. சிவப்புப் பட்டு அதோடு கரைந்துபோகும். சந்தன நிறமோ இலைப்பச்சையோ கட்டிக்கொள். காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். வெறுங்காலோடு நடக்கச் சொன்னால் மறுத்துவிடு, உடைமரத்து முள் கிடக்கும். அது காப்புக்காடு, வனத்துறையிடம் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள்.

அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் வரைக்கும் வண்டி போகும். ஆச்சியை அங்கே நிழலில் உட்கார வை. முதல் படம் அவளோடு எடுக்க வேண்டும். மாப்பிள்ளையும் அவள் பக்கத்தில் உட்காரட்டும், அவர் யார் வீட்டுக்குள் வருகிறார் என்று தெரிந்துகொள்ளட்டும்.

இன்று ராத்திரியே ஆச்சிக்குப் போன் போடு. வேண்டாம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேள். பிறகு, விடிலி தேரியில் எந்தப் பக்கம் இருந்தது என்று கேள்.