பளபளப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்

பழைய கையடக்க அடுப்புகளைச் சேகரிப்பது, பழுது நீக்குவது, சொந்தமாகச் செய்து பார்ப்பது பற்றிச் சில மாதங்களாகவே கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் பித்தளைப் பம்பு ஸ்டவ் விற்கிறார். "ஸ்வீடன் பிரைமஸ், 1920-ஆம் ஆண்டு, கண்ணாடிபோல் மெருகேற்றியது, நன்றாக எரியும்" என்று விளம்பரம். விலை ஒன்பதாயிரம் ரூபாய். வாங்கலாமா?
(கோயம்புத்தூர் வாசகர்)

அடுப்பைக் கவிழ்த்துப் பிடித்து, அடிப்பாகத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்குத் தயங்கினால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

1892-இல் ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய திரியில்லாத மண்ணெண்ணெய் அடுப்புதான் பிரைமஸ். 1911-இல் தென்துருவத்தை அடைந்த அமுண்ட்சென் குழுவும் 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழுவும் பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சியது இந்த வகை அடுப்பில்தான். இந்தப் பெருமையெல்லாம் சேர்ந்துதான் விலையை ஏற்றுகிறது. நம் ஊரிலோ எந்தப் பம்பு ஸ்டவ்வையும் பிரைமஸ் என்று சொல்லி விற்றுவிடுவார்கள். அசல் பிரைமஸில் 1911 முதல் ஆண்டைக் குறிக்க ஓர் ஆங்கில எழுத்தைப் பொறித்து வந்தார்கள். 1920 என்று இவ்வளவு உறுதியாகச் சொல்பவர் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். எழுத்து எங்கே என்று கேளுங்கள். இந்தியாவில் செய்த பித்தளை அடுப்புகள் மட்டமானவை என்று நான் சொல்லமாட்டேன். பல இன்றும் அருமையாக எரிகின்றன. ஆனால் அவற்றுக்கு ஸ்வீடன் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது அந்தக் கண்ணாடி மெருகு. எனக்கு அதுதான் சந்தேகத்தைத் தருகிறது. இந்த அடுப்பில் தொட்டி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். வாஷர், நிப்பிள் (எண்ணெய் ஆவி பீறிடும் சிறு துளைமுனை), பர்னர், பம்புத் தண்டு எல்லாமே கிடைக்கும். தொட்டி விரிசல் விட்டிருந்தால் அடுப்பே போயிற்று. தகட்டை அழுத்தி வடித்த தொட்டியில் உள்ளுக்குள் ஓர் இறுக்கம் தங்கியிருக்கும். அதன் மேல் அமோனியா பட்டால் மயிரிழைபோல் வெடிப்பு ஓடும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை வைத்திருந்தபோது பித்தளைக் குப்பிகள் இப்படித்தான் வெடித்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். பித்தளை மெருகுத் திரவங்கள் சிலவற்றில் இன்றும் அமோனியா இருக்கிறது. எனவே தொட்டியின் அடி விளிம்பு, பம்புக்குழாய் உடலோடு சேரும் இடம், கால்கள் பொருந்தும் இடம் ஆகிய மூன்றுக்கும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். எங்காவது ஈயம் வைத்து அடைத்த திட்டு தெரிந்தால் அது அலமாரியில் வைக்க மட்டுமே உதவும். அதற்கு ஒன்பதாயிரம் அதிகம்.

கறுத்துப் போய், தூசி படிந்து, யாரும் கைவைக்காமல் கிடக்கும் அடுப்பையே நான் விரும்பி வாங்குவேன். அதில் எதையும் மறைக்க யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: பரணிலிருந்து பாட்டி காலத்துப் பம்பு ஸ்டவ் கிடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்து முகாம்களுக்கு எடுத்துப்போக ஆசை. என்னென்ன வாங்க வேண்டும்? மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. பெட்ரோல் ஊற்றலாமா?
(திண்டுக்கல் வாசகர்)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஊற்றக் கூடாது. கொஞ்சமாகக் கூடாது, மண்ணெண்ணெயில் கலந்தும் கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பிடிக்கக் குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் சூடாவது வேண்டும். பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பற்றும். பம்பு ஸ்டவ்வின் தொட்டி பர்னருக்கு நேர் கீழே இருக்கிறது. உள்ளே பெட்ரோல் சூடாகி ஆவியானால் அழுத்தம் தானாக ஏறும். அதை வெளியே விடப் பாதுகாப்பு வால்வு எதுவும் உங்கள் பாட்டியின் அடுப்பில் கிடையாது. ரேஷனில் கொடுக்கும் நீல நிற மண்ணெண்ணெய் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் உரியது. வெளிச்சந்தையில் விற்கும் வெள்ளை மண்ணெண்ணெயை விசாரித்து வாங்குங்கள்.

இனி அடுப்புக்கு வருவோம். வாங்கப் போகும் முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணெய் ஊற்றாமல், மூடியையும் தொட்டிக் காற்றை வெளியே விடும் காற்றுத் திருகையும் இறுக்கிவிட்டுப் பம்பை அடியுங்கள். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று போய்வந்தால் பம்புத் தண்டின் முனையிலுள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டது என்று பொருள். காற்று ஏறுகிறது, ஆனால் கையை எடுத்ததும் கைப்பிடி தானாக மேலே எழும்புகிறது என்றால் பம்புக்குழாயின் அடியில் இருக்கும் சிறு வால்வில் கோளாறு. அதற்குள் மிளகளவுக்கு ஒரு கார்க்கோ ரப்பரோ உட்கார்ந்திருக்கும். அது இறுகிப்போனால் தொட்டிக் காற்று பம்புக்குள் திரும்பிவரும். எரியும்போது இது நடந்தால் காற்றோடு மண்ணெண்ணெயும் பம்பு வழியாக வெளியே வரும். அதனால் இதை மட்டும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் அல்லது வைட்டான் ரப்பர் துண்டு போதும். சாதாரண ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

தோல் வாஷர் கிழிந்திருக்காவிட்டால் மாற்றவே வேண்டியதில்லை. ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து, கிண்ணம்போன்ற விளிம்பை விரலால் விரித்துவிட்டால் உயிர் வந்துவிடும். கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெயைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அது ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும். ஊட்டியில் அதிகாலைத் தேநீருக்குப் பம்பு அடிக்க உட்கார்ந்தால் வாஷர் அட்டைபோல் விறைத்திருக்கும். தையல் இயந்திர எண்ணெய் மேல்.

பம்பு சரியான பிறகு, காற்றடித்த அடுப்பை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். பர்னர் திருகும் இடத்தில் குமிழ் வந்தால் அங்கே இருக்கும் ஈய வாஷரை மாற்றுங்கள். மூடியில் வந்தால் மூடி வாஷரை மாற்றுங்கள். இரண்டும் சில்லறைக் காசு. தொட்டியின் உடம்பிலிருந்தே குமிழ் கிளம்பினால் ஆசையை விட்டுவிட்டுப் பாட்டியின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிப்பிளின் துளை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்கென்றே விற்கும் ஸ்டவ் பின்னைத் தவிர ஊசி, கம்பி எதையும் நுழைக்காதீர்கள். துளை பெருத்தால் மஞ்சள் சுடரும் கரியும்தான் மிச்சம். சுத்தம் செய்யப் புளி நல்லது, தேய்த்தவுடன் கழுவிவிட வேண்டும். சிலர் சொல்வதுபோல் வினிகரில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு நிறத் திட்டுகள் விழும். அந்த இடம் பலம் இழந்த இடம்.

எரியவிடும் முதல் நாள் வெட்டவெளியில், பக்கத்தில் ஈரச் சாக்கோடு உட்காருங்கள். அவசரம் என்றால் காற்றுத் திருகைத் திறந்துவிட்டால் போதும், சுடர் அடங்கிவிடும்.

கேள்வி: கனடாவில் இருக்கிறேன். பழைய பொருள் கடைகளில் ஸ்வேயா 123, கோல்மன் போன்ற பெட்ரோல் அடுப்புகள் கிடைக்கின்றன. சேகரிப்பைத் தொடங்க எது நல்லது? ஊருக்கு விமானத்தில் கொண்டுவர முடியுமா?
(டொரண்டோ வாசகர்)

இரண்டும் நல்ல தொடக்கம். ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் ஸ்வேயா. 1955-இல் ஸ்வீடனின் சீவர்ட் நிறுவனம் கொண்டுவந்தது, பிறகு ஆப்டிமஸ் என்ற இன்னொரு அடுப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அரைக் கிலோவை ஒட்டிய எடை, பம்பு கிடையாது, அசையும் பாகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். தொட்டியின் தலையில் உள்ள பள்ளத்தில் சிறிது எரிபொருளை எரித்துச் சூடேற்றினால் தன் சூட்டிலேயே அழுத்தம் உண்டாக்கிக்கொண்டு எரியும். எரியும்போது போடும் உறுமலைக் கேட்டுத்தான் பாதிப்பேர் இதற்கு அடிமையாகிறார்கள். பிற்காலத்து 123ஆர் வகையில் நிப்பிளைச் சுத்தம் செய்யும் ஊசி உள்ளேயே இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து பின் குத்தினால் உள் ஊசியை வளைத்துவிடுவீர்கள். வாங்கும்போது சங்கிலியில் தொங்கும் சாவியும், மேல்மூடியாக இருக்கும் குவளையும் உண்டா என்று பாருங்கள். தனியாகத் தேடினால் அவை விலை அதிகம். நிரப்பும் மூடியில் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அதன் ரப்பரைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள்.

கோல்மனின் பெருமை வேறு. 1942-இல் அமெரிக்கப் படைக்காகச் செய்த 520 என்ற சிறு அடுப்புதான் சேகரிப்பாளர்கள் தேடும் சரக்கு. பிந்தைய கோல்மன் அடுப்புகள் பலவற்றில் தேதி பொறித்திருக்கும் என்பதால் வயதில் ஏமாற்ற முடியாது.

எரிபொருள்: அங்கே "வெள்ளை கேஸ்" என்று விற்கும் சுத்தமான நாப்தாவை ஊற்றுங்கள். வண்டிக்குப் போடும் பெட்ரோலில் உள்ள சேர்மானங்கள் நிப்பிளை அடைக்கும். ஊரில் அந்த எரிபொருள் லேசில் கிடைக்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அடுப்புகளில் சூடேற்ற வைத்த வெள்ளைப் பஞ்சு, வால்வுத் தண்டைச் சுற்றிய பொதி போன்றவை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். நனைத்து எடுத்து, பையில் கட்டி அகற்றிவிட்டுக் கிராஃபைட் பொதி வையுங்கள்.

விமானத்தைப் பொறுத்தவரை, ஏற்கெனவே எரிபொருள் ஊற்றிப் பயன்படுத்திய அடுப்பை, காலிசெய்து, விமான நிறுவனத்தின் முன்அனுமதியோடு, பதிவுசெய்யும் பெட்டியில் மட்டுமே கொண்டுவரலாம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி தொட்டியைக் குறைந்தது ஒரு மணி நேரம் வடியவிட்டு, பிறகு குறைந்தது ஆறு மணி நேரம் மூடியில்லாமல் திறந்து வைத்திருக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பலாமே என்றால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கேள்வி: குளிர்பான டின்னில் ஸ்பிரிட் அடுப்பு செய்யும் காணொளிகளைப் பார்த்து, பன்னிரண்டு வயது மகன் செய்ய வேண்டும் என்கிறான். இதற்கு வேண்டிய பொருள்கள் அடங்கிய பெட்டகம் ஒன்றை விற்கிறார்கள். வாங்கித் தரலாமா?
(மதுரை வாசகி)

பெட்டகம் வேண்டாம். இரண்டு அலுமினிய டின், ஒரு கத்தரிக்கோல், ஒரு குண்டூசி, ஓர் உப்புக் காகிதம். இதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. ஒரு டின்னின் அடிப்பாகத்தை மற்றொன்றின் அடிப்பாகத்துக்குள் செருகி, இடையில் ஓர் உள்சுவர் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சிறு துளைகள் போடுவதுதான் வேலை. வெட்டிய அலுமினியம் பிளேடுபோல் கிழிக்கும், கையுறை போடச் சொல்லுங்கள்.

செய்வது மகனாக இருக்கட்டும், பற்றவைப்பது நீங்களாக இருங்கள். ஸ்பிரிட் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் புட்டியைச் சாய்க்கும்போதுதான் விபத்து நடக்கிறது. அரை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி அளவுக்கு ஸ்பிரிட் போதும். அளந்து ஊற்றிவிட்டுப் புட்டியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். தீர்ந்தால் அடுப்பு ஆறியபின் அடுத்த அளவு. எத்தனால் ஸ்பிரிட்டுக்கும் தமிழ்நாட்டில் கட்டுப்பாடு இருக்கிறது, உரிமம் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். மெத்தனால் நஞ்சு, வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. ஐசோபுரோபைல் எரியும், ஆனால் பாத்திரத்தில் கரி அப்பும்.

செய்து பார்த்து ஆசை தீர்ந்த பிறகும் ஆர்வம் இருந்தால் ஸ்வீடனின் டிராஞ்சியா நிறுவனத்தின் பித்தளை ஸ்பிரிட் பர்னரை வாங்கிக் கொடுங்கள். 1951 முதல் அவர்கள் விற்றுவரும் காற்றுத்தடுப்பு அடுப்புக்குள் இருப்பது அந்த வகைதான். உடைய ஒன்றுமே இல்லை. சூடாக இருக்கும்போது திருகு மூடியைப் போடாமல் இருந்தால் மூடியின் ரப்பர் வளையமும் நிலைக்கும். எந்த அடுப்பையும் மூடிய கூடாரத்துக்குள் எரிக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: இணையக் கடையில் "இயங்கும் நிலை" என்று வாங்கிய அடுப்பு விரிசலோடு வந்தது. "பழம்பொருளுக்குத் திருப்பி எடுக்கும் வசதி இல்லை" என்கிறார்கள். என்ன செய்வது?
(சேலம் வாசகர்)

அப்படி எழுதிவைத்துத் தப்பிக்க முடியாது. 2020-ஆம் ஆண்டின் இணைய வணிக நுகர்வோர் விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள், நாளை அதிலுள்ள வாசகம் மாறியிருக்கலாம். வாளித் தண்ணீரில் விரிசலிலிருந்து குமிழ் வருவதைக் காணொளியாக எடுங்கள். இரண்டையும் இணைத்துத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

விற்றவர் வியாபாரியாக இல்லாமல், தன் வீட்டுப் பொருளை விற்ற தனிமனிதராக இருந்தால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அப்படிப்பட்டவர்களிடம் நேரில் போய், அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். உங்கள் விஷயத்தில், திருப்பி அனுப்பச் சம்மதித்தால் தொட்டியிலிருந்து எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு அனுப்புங்கள். மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தால் கூரியர்காரர் பெட்டியை வாங்கமாட்டார்.